சோயா எதுவரை கைகொடுக்கும்?

மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகளுக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரை என்றாலே பெண்கள் மிரளத் தொடங்கியது 2002-க்குப் பிறகு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியதால், அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் அந்தப் பிரிவு அவ்வாண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் இப்போதுதான் நின்ற ஐம்பது வயதுக்காரிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பது பிறகு தெளிவானாலும் பயம் போகவில்லை. மாற்றாகச் சோயாவைத் தேடினார்கள்.

சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜனைப் போலவே, ஆனால் பலவீனமாக, செல்களில் வேலை செய்யும். அவற்றில் ஒன்றை ஈக்வால் என்னும் வீரியமான பொருளாக மாற்றும் குடல் நுண்ணுயிர்கள் எல்லோருக்கும் இருப்பதில்லை. ஒருத்திக்குப் பலன் தந்தது பக்கத்து வீட்டுக்காரிக்குப் பலிக்காமல் போக இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆதரவாளர்கள் முன்வைக்கும் வலுவான சான்று 2021-இல் வெளியானது. மாதவிடாய் நின்ற 38 பெண்களில் ஒரு பாதியினர் 12 வாரம் கொழுப்பு குறைந்த சைவ உணவோடு (பால், முட்டைகூடக் கிடையாது) தினம் அரை கப் வேகவைத்த சோயாபீன்ஸ் சாப்பிட்டார்கள். உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும் தொல்லை அவர்களுக்கு 79 சதவீதம் குறைந்தது. விளம்பரங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. உணவை மாற்றாத மறுபாதியினருக்கும் அது 49 சதவீதம் குறைந்திருந்தது! இடைவெளி உண்மையானதுதான். ஆனால் அது சோயாவால் வந்ததா, எண்ணெயைக் குறைத்ததாலா, எடை இறங்கியதாலா என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. இதே தொல்லைக்காக 188 பெண்களிடம் ஆளி விதையைச் சோதித்த 2012 ஆய்விலோ, போலி உணவுக் கட்டியைவிட அது மேலாக எதையும் செய்யவில்லை.

இருந்தும் இந்த உணவுமுறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பருப்பும் காய்கறியும் கூடினால் இதயத்துக்கு நல்லது. மிதமான தொல்லை உள்ளவர்கள் தாராளமாக முயலலாம், மாத்திரை டப்பாவில் அடைத்த சாறாக இல்லாமல் உணவாகவே. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மட்டும் அதற்கும் சோயாவுக்கும் நடுவே சில மணிநேரம் விட வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் நாற்பது வயதுக்குள் எடுத்துவிட்ட பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு எலும்பும் இதயமும் இளம் வயதிலேயே பாதுகாப்பை இழக்கின்றன. தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுப்பதே மருத்துவ வழிகாட்டுதல். அவர்களிடம் போய் ‘மீல்மேக்கர் சாப்பிடு, சரியாகிவிடும்’ என்பது, அவர்களுக்குச் சேர வேண்டிய சிகிச்சையைத் தட்டிப் பறிப்பது.