பத்தியமும் பொருளுடைமையும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ நம் பாடசாலைகளில் வெறும் உடல்நலப் போதனையாகவே கற்பிக்கப்பட்டு வருகின்றது. முன்னுண்டது செரித்தபின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், உடம்போடு மாறுபடுவனவற்றை விலக்குதல் என்று தொகுத்தெழுதும் மாணவனுக்கு நாம் முழுப்புள்ளி வழங்குகின்றோம். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். அவ்வதிகாரத்தை வேறொரு நோக்கில் வாசிக்கும்படி என்னை நிர்ப்பந்தித்தவள் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்து என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி.

விளையாட்டுப் போட்டி நாளொன்றில் எல்லோருக்கும் பணிஸ் வழங்கினோம். அவள் மட்டும் வாங்க மறுத்தாள். கொடுத்ததை மறுப்பது பண்பன்று என்று பலர் முன்னிலையில் யான் அவளைக் கடிந்துகொண்டேன். மறுநாட் காலை, கொழுந்தெடுக்கப் போகவேண்டிய நேரத்தில், அவளது தாயார் பாடசாலைக்கு வந்தார். “சேர், புள்ளைக்குக் கோதம்ப மா ஆகாதுங்க. பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. சாகுற வரைக்கும் தொடக்கூடாதாம். நாங்க ரொட்டி சுட்டுத் திங்கிற சனம். இவளுக்கு மட்டும் தனியா ஒல வைக்கணும். வேலைக்குப் போறதா, ஒல வைக்கிறதா?” என்றார். அவ்வினாவுக்கு விடை என்னிடம் இருக்கவில்லை; யான் கற்பித்த அதிகாரத்திலும் இல்லை என்றே அன்று எண்ணினேன். பின்னரே உரையை மீண்டும் புரட்டினேன்.

உணவு மாறுகொள்ளாதிருத்தலைப் பரிமேலழகர் மூவகையாகப் பிரித்து விளக்குகின்றார். உண்பவனின் உடற்கூற்றோடு மாறுகொள்ளாமை, காலத்தின் இயல்போடு மாறுகொள்ளாமை, உணவுகள் தம்முள் ஒன்றோடொன்று மாறுகொள்ளாமை என்பன அவை. தேனும் நெய்யும் ஒத்த அளவிற் கலந்தால் நஞ்சாகும் என்பது மூன்றாவதற்கு அவர் காட்டும் உதாரணம். ஒருவனுக்கு உணவாவது இன்னொருவனுக்கு ஆகாது என்ற அனுபவ உண்மையை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. ஆயின், இதனைக்கொண்டு நவீன விஞ்ஞானம் முழுவதையும் அவர்கள் அன்றே கண்டுவிட்டனர் என முழங்குவோரோடு நாம் உடன்படல் இயலாது. வாதம், பித்தம், ஐ என்னும் கொள்கை அக்காலத்து அறிவின் எல்லை. அந்த எல்லைக்குள் வைத்து மதிப்பதே அவ்வறிவுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

நம் கவனத்திற்குரிய இடம் வேறொன்று. அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, பணிவிடை செய்பவன் என்னும் நான்கு கூறுகளின் கூட்டாகக் காண்கின்றது. உரையாசிரியர் இவை ஒவ்வொன்றையும் மேலும் நான்காக வகுக்கின்றார். நோயாளிக்குரிய நான்கினுள் வைத்தியன் சொற்படி நிற்றலும், நோயின் நிலையை எடுத்துரைத்தலும், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலும் உண்டு. இம்மூன்றுக்கும் முன்னதாக அவர் வைப்பது பொருளுடைமை!

இதனை உரையாசிரியரின் வன்னெஞ்சம் என்று கொள்வது எளிது. ஆனால் அது பிழையான வாசிப்பு. தம் காலத்துச் சமூகத்தில் பிணி தீர்ந்தவன் யார், தீராதவன் யார் என்பதைக் கண்டவரே அந்த வரிசையை அமைத்திருக்க முடியும். அறவுரையாகத் தொடங்கும் உரை, அவர் கருதினும் கருதாவிடினும், பொருளாதார உண்மையொன்றைப் பதிவு செய்துவிடுகின்றது. நாமோ பொருளுடைமையை விடுத்து, பொறுத்தலையும் சொற்கேட்டலையும் மட்டும் பிள்ளைகளுக்குப் போதிக்கின்றோம். பத்தியத்தை மனவடக்கத்தின் பிரச்சினையாக மட்டும் காணும் நோக்கு இவ்வாறே பிறக்கின்றது.

அம்மாணவியின் நோய் சீலியாக் எனப்படுவது. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகின்றது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது போகின்றது. உலக மக்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கு இந்நோய் உண்டென மதிப்பிடப்படுகின்றது. 1888ஆம் ஆண்டில் இதனை விவரித்த இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, உணவுமுறையாலேயே குணம் காணவேண்டும் எனக் கருதினார். விலக்கவேண்டிய உணவு எது என்பது அவருக்குப் புலப்படவில்லை. ஒல்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமையின்மீது போருக்கு முன்னரே ஐயங்கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், நாஜிகளின் ஆக்கிரமிப்புக்குட்பட்டிருந்த மேற்கு ஒல்லாந்தில் கொடும்பஞ்சம் நிலவியது. பல்லாயிரவர் மடிந்த அந்நாட்களில், பாண் கிடைக்காமையால் இந்நோய்ப் பிள்ளைகள் சிலர் தேறினர். பாண் மீண்டும் வந்ததும் நலிந்தனர். அவரது ஐயம் அதனால் வலுப்பெற்றது. 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என நிறுவினார்.

இன்றும் இந்நோய்க்குப் பத்தியமே சிகிச்சை; அதுவும் ஆயுள் முழுவதும். ஆகவே ‘உணவே மருந்து’ என்பது இங்கு அலங்கார வாக்கியமன்று. மருந்தை ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பெறலாம். ஆனால் இந்த மருந்தைக் கடையில் விலைகொடுத்தே வாங்கவேண்டும்.

நம் நாட்டில் அதன் பொருள் என்ன? கோதுமை நம் மண்ணின் பயிரன்று, கப்பலில் வந்திறங்குவது. எனினும் விடியுமுன் வேலைக்கு ஓடும் உழைப்பாளியின் காலை பாணோடும் ரொட்டியோடும் பிணைக்கப்பட்டுவிட்டது. காரணம் சுவையன்று, நேரமும் விறகும் விலையுமே. அரிசியும் குரக்கனும் மரவள்ளியும் இருக்கின்றனவே என்போர், அவற்றைத் தனியே சமைப்பதற்கு வேண்டிய காலத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. அரிசியுணவு என நம்பி வாங்குவதிலும் ஆபத்துண்டு. கடை இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா கலக்கின்றது. கூட்டுப் பெருங்காயத்திலும் அது பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரிசியும் மாவும் ஒருங்கே விலையேறியபோது, மா தின்ன முடியாத பிள்ளையுள்ள லயத்து அடுப்பின் நிலையை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நம் முற்போக்கு இலக்கியத்தையும் விசாரித்தல் வேண்டும். பசியை நாம் எழுதினோம், பெருமையோடு எழுதினோம். ஆனால் நாம் எழுதிய பசி, உணவில்லாதவனின் பசி. எதிரே உணவிருந்தும் அதனை உண்ணலாகாத ஏழையின் பசியை, யான் படித்த அளவில், நாம் எழுதவில்லை. நம் கதைகளிற் பத்தியம் இருப்பவர் பெரும்பாலும் வசதிபடைத்த முதியவர். அவரது பத்தியம் நகைச்சுவைக்குரியது. ஏழைக்குப் பசியுண்டு, ஒவ்வாமை இல்லை என்ற இந்த எண்ணம், உழைப்பாளியின் உடலை எதனையும் செரிக்கும் இயந்திரமாகக் கருதும் முதலாளியின் எண்ணத்திலிருந்து எவ்வளவு தூரம் வேறுபட்டது? பணிஸை மறுத்தவளைக் கடிந்த என் குரலிலும் அவ்வெண்ணமே ஒலித்தது.

மறுபுறத்தே, நோயேதுமின்றிக் குளூட்டனை விலக்குதலை நாகரிகமாகக் கொள்வோரும், அவர்களுக்காக உயர்விலைப் பொதிகளை விற்கும் வணிகமும் உண்டு. அதனைக் கண்டிப்பது நியாயமே. ஆனால் அந்தக் கண்டனம் உண்மை நோயாளியின்மீது விழுந்துவிடலாகாது. நோய் உண்டா என்பதை அறிய இரத்தப் பரிசோதனையும் சிறுகுடலின் திசுப் பரிசோதனையும் உள்ளன. ஐயமுடையோர் பரிசோதனைக்கு முன்னரே தாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு பிழைபட நேரும் என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

நோயை மட்டுமன்றி நோய்முதலையும் நாடவேண்டும் என்பது இதே அதிகாரத்தின் கட்டளை. கோதுமையின் புரதத்தைக் கண்டதோடு அந்த நாட்டம் முடிவதில்லை. கூலி, நேரம், தனி உலை, கடையிற் கலக்கும் மா ஆகிய யாவும் அவள் நோயின் முதல்களே. நோயாளிக்குப் பொருளுடைமை வேண்டும் என்று உரையாசிரியர் எழுதிவைத்தார். பொருளில்லாத நோயாளிக்கு யார் பொறுப்பு என்பது அவர் எழுதாத வினா. அதனை எழுதவேண்டியவர்கள் நாம்.

அவ்வாண்டு பரீட்சையில் அவ்வினாவை யான் சேர்த்தேன். அடுத்த விளையாட்டுப் போட்டியில் பணிஸ் இல்லை. எல்லோருக்கும் வாழைப்பழமும் அவித்த கடலையும் வழங்கினோம். அவளும் வரிசையில் நின்று வாங்கினாள்.