இயற்கை விதியும் தலைவிதியும்

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மாணவனொருவன் தமிழ் கற்பிக்கும் நம்மிடம் ஒரு கேள்வியுடன் வந்தான். 'கிராவிற்றி' என்னும் ஆங்கிலப் படத்தை அவன் பார்த்திருந்தான். "சேர், அந்த மனிதன் சாகத் தேவையில்லையே, பிறகு ஏன் சாகடித்தார்கள்?" என்று கேட்டான். இது பௌதிக ஆசிரியரிடம் கேட்கவேண்டிய கேள்வி என்றே அப்பொழுது எண்ணினோம். பின்னர் ஆறுதலாகச் சிந்தித்துப் பார்த்தபோது, அது முற்றிலும் ஓர் இலக்கியக் கேள்வி என்பது தெளிவாயிற்று.

விஞ்ஞானக் கதைப் படங்களைப் பற்றிப் பேசுவோரில் இரு சாரார் உளர். கலையிலே கணக்குப் பார்ப்பது இரசனைக் குறைவு என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார் பிழைகளை எண்ணி வரிசைப்படுத்துவதோடு தம் பணி முடிந்ததெனக் கொள்வர். 2013 இல் 'கிராவிற்றி' வெளிவந்தபோது நீல் டிகிராஸ் டைசன் என்னும் அமெரிக்க வானியலறிஞர் அதன் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினார். படமோ நெறியாள்கை உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. பிழை எந்த இடத்தில் நிகழ்கிறது, அது கதையில் என்ன வேலையைச் செய்கிறது என்ற கேள்வியை இரு சாராரும் எழுப்புவதில்லை. நமது கேள்வி அதுவே.

கற்பனைக்கு உரிய இடத்தை எவரும் மறுக்க முடியாது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணையும் இடத்திலேயே தொல்காப்பியர் புலனெறியைக் கண்டார். கதையைத் தொடக்கிவைப்பதற்காகக் கலைஞன் நம்மிடம் ஒரு சலுகை கேட்கலாம். நாமும் மனமுவந்து வழங்கலாம். றிட்லி ஸ்கொட்டின் 'தி மார்ஷியன்' (2015) படத்திலே, செவ்வாயில் வீசும் பெரும்புயலொன்று விண்வெளி வீரனைத் தோழரிடமிருந்து பிரித்துவிடுகிறது. செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் பூமியினதில் நூறிலொரு பங்குக்கும் குறைவு. எத்துணை வேகமாக வீசினும் அக்காற்று ஒரு கலத்தைச் சாய்க்க மாட்டாது. மூலநாவலை எழுதிய அன்டி வெயர் இதை அறிந்தே எழுதியதாக ஒப்புக்கொண்டுள்ளார். இஃது ஒரு கற்பிதம். இதனால் எவரும் ஏமாற்றப்படவில்லை. தனித்துவிடப்பட்ட அவ்வீரன் அதன்பின் உருளைக்கிழங்கு பயிரிடுவதும், ஐதரசீன் எரிபொருளிலிருந்து ஐதரசனைப் பிரித்து எரித்து நீர் ஆக்குவதும், எஞ்சிய உணவை நாளுக்கு நாள் கணக்கிடுவதும் இயற்கை விதிகளுக்கு அமைந்தே நிகழ்கின்றன.

'கிராவிற்றி'யிலும் இத்தகைய கற்பிதம் உண்டு. ஹபிள் தொலைநோக்கியின் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 28.5 பாகை சாய்ந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தினது 51.6 பாகை சாய்ந்தது. முதுகில் பூட்டிய சிறு உந்துபொறியின் துணையுடன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுதல் இயலாது. இதையும் சலுகையாகவே விட்டுவிடலாம். வெற்றிடத்தில் ஓசை எழாது என்பதை நினைவிற் கொண்டு பேரழிவையே மௌனமாகக் காட்டிய நெறியாளர் அல்போன்சோ குவாரோனின் நேர்மையைப் பாராட்டவும் வேண்டும்.

ஆயின் மாணவன் சுட்டியது வேறோர் இடம். ஸ்ரோன் என்ற பெண்ணின் கால் நிலையத்திலே தொங்கும் பரசூட் கயிறுகளிற் சிக்கிக்கொள்கிறது. அவளுடன் ஒரே கயிற்றால் இணைக்கப்பட்ட கொவால்ஸ்கியும் அவளும் ஓட்டம் தடைப்பட்டு நின்றுவிடுகின்றனர். அவன் தன் பாரம் அவளையும் இழுத்துச் சென்றுவிடும் என்று கூறித் தன்னைக் கழற்றிக்கொண்டு இருளில் மறைகிறான். நின்றுவிட்ட ஒருவனை இழுப்பது எது? நிலையமும் அவர்களும் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கையில் அங்கே பாரம் என்று ஒன்று உணரப்படுவதில்லை. நியூற்றனின் முதலாம் விதியைக் கற்ற எவரும் அறிவர்: கயிற்றை மெல்லச் சுண்டியிருந்தால் அவன் அவளிடம் மிதந்து வந்து சேர்ந்திருப்பான்.

கயிறுகள் இன்னும் வழுவிக்கொண்டிருந்தன என்று படத்துக்காக வாதிடுவோர் உளர். அவ்வாறாயின் அவ்வசைவைப் படம் ஐயமறக் காட்டியிருக்க வேண்டும். நிலையம் சுழல்வதாக அமைத்திருந்தாலும் அந்த இழுவைக்கு நியாயம் பிறந்திருக்கும். உண்மைக்கு இடமளிப்பதால் அக்காட்சியின் உணர்ச்சி ஓர் அணுவளவும் குன்றியிராது. அச்சிறு சிரமத்தைக்கூட மேற்கொள்ளாமல் ஒரு மனிதனின் மரணம் நம்முன் வைக்கப்படுகிறது. தொடக்கத்தில் நிகழும் பிழை கற்பிதம். ஒருவன் வாழ்வதா சாவதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் நிகழும் பிழை பொய். தவிர்த்திருக்கக்கூடிய சாவு அங்கே தியாகமெனப் போற்றப்படுகிறது.

இதனோடு '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தை ஒப்புநோக்கலாம். ஸ்ரான்லி கியூப்ரிக்குடன் சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் கொழும்பில் மறைந்தவர். விண்கலத்தின் கணினி கதவைத் திறக்க மறுக்கிறது. போமன் என்ற வீரனிடம் தலைக்கவசம் இல்லை. அவன் தன் சிறுகலத்தின் கதவை வெடிக்கச்செய்து, வெற்றிடத்தினூடாகத் தாய்க்கலத்துள் பாய்கிறான். வெற்றிடத்தில் மனித உடல் உடனே வெடித்துச் சிதறுவதில்லை. ஏறத்தாழப் பத்து விநாடிகள் நினைவு நிலைத்திருக்கும். வளி வந்து நிரம்பும் வரை அக்காட்சியில் ஓசையே இல்லை. இங்கு மனிதன் இயற்கை விதியை மீறவில்லை. அதை அறிந்து, அது தரும் சில விநாடிகளைப் பயன்படுத்தியே பிழைக்கிறான். இயற்கையின் விதிகளை அறிந்து கையாளுவதிலேயே மனித சுதந்திரம் அடங்கியுள்ளது என ஏங்கெல்ஸ் விளக்கியதற்கு இதனினும் சிறந்த காட்சியைத் திரையிற் காண்பது அரிது.

இவ்வளவுகோலை நாம் போற்றிய படத்துக்கும் பிரயோகிக்கவே வேண்டும். 'தி மார்ஷிய'னின் இறுதியில் வீரன் தன் கையுறையைத் துளைத்து, வெளியேறும் வளியின் உந்துதலால் பறந்து தலைவியிடம் சேர்கிறான். அத்தகைய உந்துதல் அவனைத் தலைகீழாகச் சுழற்றியிருக்கும். நாவலில் இந்த யோசனை கூறப்பட்டதும் தலைவியால் நிராகரிக்கப்படுகிறது. அறிவு காத்த மனிதனை இறுதிக் கணத்தில் சாகசம் காப்பதாகப் படம் மாற்றிவிட்டது.

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. இயற்கையின் ஒழுங்கும் விதியே. நெற்றியில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவதும் விதியே. முன்னையது அறியத்தக்கது, பின்னையது அடிபணியச் சொல்வது. 'கிராவிற்றி'யின் அக்காட்சி முன்னையதன் பெயரால் பின்னையதைப் போதிக்கிறது. இது திரையரங்கோடு முடிந்துவிடும் செய்தியன்று. அப்படம் வெளிவந்த அதே 2013 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆந் திகதி, பங்களாதேஷில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கட்டடத்தை வீழ்த்தியது புவியீர்ப்பே. ஆயினும் அனுமதியின்றி மாடிகளை ஏற்றியது புவியீர்ப்பன்று. முதல்நாளே வெடிப்புகளைக் கண்டு அஞ்சிய தொழிலாளரை மறுநாள் மீண்டும் உள்ளே அனுப்பியதும் புவியீர்ப்பன்று. 'வேறு வழியில்லை' என்று சொல்லப்படும் இடங்களிலெல்லாம், உண்மையிலேயே வழியில்லையா என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் மக்களுக்கு வேண்டும்.

ஆகவே விஞ்ஞானப் படங்களைப் பார்த்துப் பிழை கண்டுவரும் மாணவரை, இரசனையற்றவர் என்று நாம் வாயடைக்கக் கூடாது. பிழைகளை எண்ணுவதோடு நின்றுவிடாது, அப்பிழையால் யார் காப்பாற்றப்படுகிறார், யார் கைவிடப்படுகிறார் என்ற அடுத்த கேள்வியையும் கேட்க அவர்களைப் பழக்குதல் வேண்டும். இது பௌதிக ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து செய்யவேண்டிய பணி. அன்று நம்மிடம் வந்த மாணவனுக்கு நாம் உடனே விடை கூறவில்லை. இன்று கூறுவோம்: தம்பி, அந்த மனிதன் சாகத் தேவையில்லை. நீ கேட்டது சரியான கேள்வி.