இரக்கமும் அறிவும்: ஓர்வெல்லின் முதல் நூல் பற்றிய ஒரு நோக்கு

இரக்கம் உள்ளத்தில் இயல்பாக ஊறுவது என்பர். அது கற்றுக்கொள்ள வேண்டியதும் ஆகும் என்பதை உணர்த்தும் நூல்களுள் ஜோர்ஜ் ஓர்வெல் 1933 இல் வெளியிட்ட 'டவுன் அன்ட் அவுட் இன் பாரிஸ் அன்ட் லண்டன்' குறிப்பிடத்தக்கது. அதன் பிற்பகுதி, வீடற்ற மனிதரிடையே இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஆசிரியர் கழித்த நாட்களைக் கூறுகின்றது.

ஓர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவிற் பொலிஸ் சேவையில் இருந்தவர். ஆள்வோர் பக்கம் நின்றமையால் எழுந்த குற்றவுணர்வே தம்மை அடிநிலை மக்களிடம் செலுத்தியது என 1937 இல் வெளிவந்த 'த ரோட் டு விகன் பியர்' என்னும் நூலில் அவரே விளக்கியுள்ளார். ஆகவே அவர் முதலில் தேடிச் சென்றது பிறர் துயரையன்று, தமக்கான கழுவாயை. அத்தேடல் இடைவழியில் திசை மாறுவதே இந்நூலின் சிறப்பு எனலாம்.

பழந்துணி அணிந்த அன்றே அவர் பாடம் தொடங்குகின்றது. கவிழ்ந்த தள்ளுவண்டியை நிமிர்த்த உதவியவரை வண்டிக்காரன் தோழனாக விளிக்கின்றான். பெண்களோ அருவருப்புடன் விலகுகின்றனர். மனிதன் மாறவில்லை, உடையே மாறியது.

அக்கால வறியோர் விடுதியொன்றில் மாதத்தில் ஒருமுறைக்கு மேல் தங்க அனுமதியில்லை. நாடோடி ஓயாது நடப்பது சோம்பலாலோ அலையும் வேட்கையாலோ அன்று, அவ்விதியினால் என்பதை ஆசிரியர் நிறுவுகின்றார். இங்கு இரக்கம் அறிவாகின்றது. தேநீருக்கு ஈடாக வழிபாட்டை வற்புறுத்துவோரை வறியோர் வெறுக்கின்றனர். உணவுச் சீட்டுகளைக் கூச்சத்துடன் வழங்கி, நன்றியை எதிர்பாராது அகலும் மதகுருவையோ மனமார மதிக்கின்றனர். ஈகையின் பெறுமதி ஈவோன் நிற்கும் நிலையிலேயே தங்கியுள்ளது. நடைபாதை ஓவியனான போசோ, கால் ஊனமுற்றும் விண்மீன்களை ஆர்வத்துடன் அவதானிப்பவன். வறுமைக்காக வெட்கப்பட மறுப்பவன். அவன்முன் ஆசிரியரின் பரிவு மதிப்பாக உயர்கின்றது.

குறைகளும் உள. ஓர்வெல் விரும்பியபோது மீளக்கூடியவர். உடன் நடந்தோர்க்கு அவ்வழி இருக்கவில்லை. யூதர் குறித்து நூலில் வரும் இழிவான கூற்றுகள், ஒரு சாராரிடம் விரிந்த பரிவு மறு சாராரிடம் சுருங்கியமையைக் காட்டுகின்றன. கற்ற இரக்கம் தானாகவே எல்லோரையும் தழுவிவிடுவதில்லை.

எனினும், வறுமையின் விளிம்பையே கண்டதாக நூலின் இறுதியில் அவர் ஒப்புக்கொள்கின்றார். நாடோடிகள் யாவரும் குடிகாரக் கயவர் என இனி எண்ணுவதில்லை. காசு பெறும் இரவலனிடம் நன்றியை எதிர்பார்ப்பதில்லை என்பன போன்ற சிறு தீர்மானங்களே அவர் பெற்ற பேறு. அவை சிறியனவல்ல. வீடின்மையைக் குற்றமாக நோக்கிய 1824 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தையொட்டி இலங்கையிலும் 1841 இல் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பழக்கிய அந்தப் பார்வையை மாற்றுவதே இரக்கத்தின் முதற்படி. அதனைத் தம்மிடமிருந்தே தொடங்கியமையால் ஓர்வெல்லின் நூல் நிலைக்கின்றது.