புள்ளி, கோடு, பாடு

ஓவியத்தின் அடிப்படைக் கூறுகள் எவை என்று கேட்டால் நமது ஓவியப் பாடநூல்கள் ஒரே மூச்சில் ஒப்பிக்கும்: புள்ளி, கோடு, வடிவம், வண்ணம், இழைநயம், வெளி. நகரும் புள்ளி கோடு. கோடு தன்னை மூடிக்கொண்டால் வடிவம். தொட்டு அறிவதைக் கண்ணுக்கு உணர்த்துவது இழைநயம். இவற்றுக்கு நடுவிலும் சுற்றிலும் கிடப்பது வெளி. இவை எங்கும் எவர்க்கும் பொது என்றும் சேர்த்தே சொல்லித் தரப்படுகிறது. பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் பிள்ளைகளுக்கு நடத்திய ஓவியப் பட்டறையில் நானும் இதையேதான் சொன்னேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நியாயம்தான். அந்த வேலை தோற்ற இடத்திலிருந்துதான் இந்தக் குறிப்புகள் தொடங்குகின்றன.

பொது எனப்படும் இந்த வரையறைகளுக்கு ஊரும் பேரும் உண்டு. ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியிலிருந்து பால் க்ளேயின் பாடநூல் 1925இலும், புள்ளி, கோடு, தளம் பற்றிய காண்டின்ஸ்கியின் நூல் 1926இலும் வெளிவந்தன. கலைக்கும் கைவினைக்கும் நடுவிலுள்ள சுவரை உடைப்போம் என்று 1919இல் தொடங்கிய பள்ளி அது. நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் மூடப்பட்டது. ஆகவே காண்டின்ஸ்கியை மேற்கத்திய ஆதிக்கவாதி என்று திட்டிவிட்டு நகர்வது சோம்பேறித்தனம். சிக்கல் வேறு. நம்மிடம் வந்து சேரும்போது அந்த வரலாறு உரிக்கப்பட்டு, ஒரு பள்ளியின் தேடல் இயற்கை விதியாக மாறிவிடுகிறது.

"நகரும் புள்ளிதான் கோடு" என்றபோது ஒரு சிறுமி ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளி எங்க சார் நகருது? அது வச்ச எடத்துலயேதான் இருக்கும். கோடுதான் சுத்திக்கிட்டுப் போவும்." அவள் சொன்னது சிக்குக் கோலத்தை. அங்கே புள்ளி கோட்டைப் பெறுவதில்லை. கோடு புள்ளியைத் தொடுவதுமில்லை. இரண்டும் வெவ்வேறு பிறவிகள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோர் கோலத்தைக் கணினி இலக்கணமாக 1974இலேயே எழுதிக் காட்டினார்கள். கணிதம் கண்டுகொண்ட ஒன்றை நமது ஓவிய வகுப்பு இன்னும் 'அலங்காரம்' என்ற பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. காரணம் தெரிந்ததுதான்: போடுகிறவர்கள் பெண்கள், போடும் இடம் வாசல்.

ஏரிக்குள் போனால் இந்த இலக்கணம் இன்னும் தெளிவாகும். கழிகளை நட்டு, அவற்றைப் பிடித்து வலையை வளைத்துக் கட்டுகிறார்கள். கழி புள்ளி, வலை கோடு. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். நீரின் மேல் ஒரு கீறலும் கிடையாது. ஆனால் எல்லை எல்லார்க்கும் தெரியும். "கோடு தண்ணியிலயா இருக்கு? ஊர்ப் பேச்சுல இருக்கு" என்றார் படகில் கூட வந்த பெரியவர். தமிழில் வரைதல் என்றால் தீட்டுவதும்தான், எல்லை கட்டுவதும்தான். வரையறை என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கோடு கிடக்கிறது. பாடு என்பதற்கு இடம், உழைப்பு, துன்பம் என்று பல பொருள். கோட்டை வரைந்தது யார், அதற்கு வெளியே நிற்பது யார் என்ற கேள்வியை இந்தச் சொற்கள் மறைப்பதில்லை. பாடநூல்தான் மறைக்கிறது.

இங்கேயே தேசியவாத நண்பர்கள் குறுக்கிடுவார்கள்: "பார்த்தீர்களா, நம் மரபே போதும்." காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய உரையிலுள்ள ஓவியத்தின் ஆறு அங்கங்களை அவனீந்திரநாத் தாகூர் முன்வைத்ததும் இப்படியொரு தேவையில்தான். எனக்கு இதிலும் உடன்பாடில்லை. பாட்டின் உரிமை பட்டினவர் சாதி ஆண்களுக்கு உரியது. பெண்களுக்கு முறை கிடையாது. தலித்துகளும் இருளர்களும் கோட்டுக்கு வெளியே. சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் அறிந்த இழைநயத்தை எந்த ஓவிய ஆசிரியர் அறிவார்? நம்முடையது என்பதாலேயே ஒரு கோடு நியாயமாகிவிடாது.

வண்ணம் ஒளியின் பண்பு என்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டுப் பழவேற்காட்டில் அது சரக்கு. 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையை மையமாக வைத்து டச்சுக் கம்பெனி சாயத் துணிகளைக் கப்பலேற்றியது. இதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றியது. டச்சுக் கல்லறை வாயிலின் எலும்புக்கூட்டுச் சிற்பங்களை வியக்கும் கலை விமர்சனம், சாயம் தோய்த்த கைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. அவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1991இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை முழுவதும் உயர் ஓதக் கோடு என்ற ஒரு கோட்டின் மேல் நின்றது. தெற்கே எண்ணூரில், 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த கழிமுகம் பிறகு வந்த அரசு வரைபடம் ஒன்றில் காணாமல் போயிருந்ததை 2017இல் சூழலியல் செயல்பாட்டாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். நீர் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. தாளில் மட்டும் இல்லை. தாளில் வெற்றிடமாகக் கிடக்கும் வெளியைத் தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுப்பது சுலபம். வெளியை 'ஒன்றுமில்லாத பரப்பு' என்று வகுப்பில் சொல்லித் தருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வெள்ளைத் தாளை நீட்டி "இதில் எதுவும் இல்லை, நீ வரை" என்று தொடங்குவதை நான் விட்டுவிட்டேன். இந்தத் தாளுக்கு முன்னால் இங்கே யார் என்ன வரைந்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்கலாம் என்று படுகிறது. அதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டறையைக் குப்பத்துக் கூடத்தில் வைத்தோம். இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. "ஏன் வரல?" என்று கடைசி நாளில்தான் கேட்டேன். "நீங்க கூப்பிடலையே" என்றார்கள்.