தீர்ப்புக்கு இரண்டு பெயர்

லிதுவேனிய நீதிமன்ற ஆவணத்தையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படிப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள். அஸ், இஸ் என்று உரசி முடியும் சொற்கள். குற்ற வழக்கின் தீர்ப்பு 'நுவோஸ்பிரெந்திஸ்', சிவில் வழக்கின் தீர்ப்பு 'ஸ்பிரெந்திமஸ்', வழக்கின் நடுவே இடும் உத்தரவு 'நுதர்திஸ்'. ஆங்கிலமோ முதல் இரண்டையும் ஜட்ஜ்மென்ட் என்று ஒரே பையில் போட்டுக்கொள்ளும். கைதேர்ந்தவர் அதற்காக முதலாவதைக் கன்விக்‌ஷன் என்று எழுதிவிட மாட்டார். விடுதலை செய்தாலும் அது நுவோஸ்பிரெந்திஸ்தானே! முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இன்னொரு நுணுக்கம். தமிழைப் போலவே அந்த மொழியிலும் ஏ, தி கிடையாது. 'தெய்ஸ்மஸ்' என்றால் நீதிமன்றம், அவ்வளவுதான். ஏதோ ஒரு நீதிமன்றமா, இந்த வழக்கை விசாரிக்கும் அதே நீதிமன்றமா? ஒரு 'தி' போடுவதற்காக முழுப் பத்தியையும் திரும்பப் படிக்கும் பொறுமை வேண்டும். நாடாளுமன்றத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஆங்கிலத்திலும் அது செய்மஸ்தான். நோட்டரி அப்படியல்ல, பார்வைக்குச் சாது. லிதுவேனியாவில் வீடு விற்றால் அவர் முன்னிலையில் பத்திரம் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் செல்லாது. அமெரிக்க நோட்டரியோ பெரும்பாலும் கையெழுத்துக்குச் சாட்சி. அந்த இடத்தில் மறக்காமல் ஓர் அடிக்குறிப்பு போடுகிறவரே என் கணக்கில் நல்ல மொழிபெயர்ப்பாளர்.