யாழுக்கு நரம்பு தந்தவன்

வேடமும் திரையுமின்றி, ஒரு புனித சரித்திரத்தைத் தொடக்கமுதல் முடிவுவரை பாட்டினாலேயே நடத்திச் செல்லும் இசை நூலை ஐரோப்பியர் ஆரட்டோரியோ என்பர். ஜெர்மானிய இசைப் புலவர் பாக், மத்தேயு சுவிசேஷத்தைத் தழுவி ஏசுநாதரின் பாடுகளைப் பற்றி இயற்றியது அவ்வகையைச் சார்ந்த பெருநூல். அவர் 1750இல் மறைந்தபின் அது ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 1829இல் மெண்டல்சன் என்னும் இருபது வயது இளைஞர் பெர்லின் நகரில் அதற்கு மறுவாழ்வு தந்தார். பின்னும் நூற்றுநாற்பது ஆண்டுகள் கழித்து, 1970இல் ஆர்னன்கூர் என்பவர், பாக் காலத்தவை போன்ற கருவிகளையே கொண்டு அதனை இசைத்தட்டில் பதிவித்தார். குடல் நரம்பு கட்டிய பிடில், மரத்தாலான குழல் ஆகியவற்றின் மெல்லிய ஓசையில் பாட்டின் சொல் தெளிந்து கேட்டது என்று இரசிகர் போற்றினர்.

ஆங்கிலக் கல்வி பயின்ற நாளில் இவற்றையெல்லாம் வியந்த நாம், தமிழில் இத்தகையது ஒன்று உண்டா என்று கேட்டதில்லை. உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே அது. 1860களின் தொடக்கத்தில், பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவினால் காரைக்காலில் அச்சேறியது. இலக்கண வழு மலிந்ததென்று சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் வாயால் அதைக் கேட்டபின் உள்ளம் உருகிக் கொடுத்தார் என்பது உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்த செய்தி.

நந்தன் பாட்டு மறக்கப்பட்டதா என்று அன்பர்கள் கேட்கலாம். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் படத்தில் நந்தனாகத் தோன்றினர்; கச்சேரிகளில் இன்றும் கடைசி அரைமணியில் இரண்டொரு உருப்படி ஒலிக்கும். மறந்தது பாட்டையன்று, கதையை. விருத்தமும் சிந்தும் இருசொல் அலங்காரமும் கீர்த்தனையும் ஒன்றையொன்று பற்றிச் செல்லும் அம்முழு நூலை ஒரே அமர்வில் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? சங்கிலியிலிருந்து கண்ணிகளைக் கழற்றி மோதிரம் செய்து போட்டுக்கொண்டோம்.

முழுமையாகக் கேட்டால் தோட்டத்து மக்களுக்கு அது வேற்றார் கதையாகத் தோன்றாது. நந்தன் தில்லைக்குப் போக விரும்புகிறான். பண்ணை வேதியரிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலிப் பயிரையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். திருவிழாவுக்கு லீவு கேட்டு ஆபீசு வாசலில் நிற்பவரின் சீட்டைத் துரையிடம் கொண்டுபோவது கிராணியாகிய நமது வேலை. பாரதியாரின் வரிகளைப் படிக்கும்போது நந்தனைக் காட்டிலும் அந்த வாசற்படிதான் நமக்குப் பழக்கமாகத் தெரிந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நிற்க. இந்த வேதியர் சேக்கிழார் காணாதவர், பாரதியாரின் படைப்பு. பெரியபுராணத்து ஆதனூர் நந்தன் வேறு ஒன்று செய்கிறான். சிவாலயத்துப் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறான். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறான். உள்ளே ஒலிக்கும் இசை அவன் கைப்பொருள். உள்ளே நுழைய அவனுக்கு உரிமையில்லை. தில்லையில் அவன் தீயில் மூழ்கியே உள்ளே போக நேர்ந்தது. பாரதியார் பண்ணையடிமையின் துயரைப் பாடியது பெரிது. ஆயினும் இத்தோலையும் நரம்பையும் கதையின் நடுவில் நிறுத்தாமற் போனதை ஒரு குறையாகவே நாம் கருதுகிறோம்.

பழங்கருவிகளைப் புதுப்பிக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. ஈழம் தந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் கணக்கிட்டுச் சொன்னபடி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவ்விழாவை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. யாழின் அளவையும் சுருதியையும் கண்டெடுத்தோம். அதற்கு நரம்பு தந்தவனை அன்று எவர் நினைத்தனர்?

நினையாமை இன்றும் போகவில்லை. மிருதங்கத்துக்கு ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அதைப் பதப்படுத்தி மூட்டும் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ஒரு நூல் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குச் சென்னைக் கலாக்ஷேத்திரம் முதலில் தந்த இடத்தைப் பின்னர் மறுத்துவிட்டது. வாசிப்பவருக்குப் பட்டம், மூட்டுபவருக்குக் கூலி.

நம் பக்கத்தையும் பார்ப்போம். தங்காக் வட்டாரத்தில், லேடாங் மலை தெரியும் ஒரு தோட்டத்தில், சென்ற ஆண்டு அம்மன் திருவிழா கண்டோம். நாதஸ்வரக்காரருக்கு மண்டபத்தில் பாய் விரித்திருந்தது. தப்புக்காரப் பெரியவர் வேலிக்கு வெளியே சருகு கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். உள்ளே வரலாகாதா என்று கேட்டோம். “எங்க அப்பா நின்ன எடம் இதுதாங்க கிராணி ஐயா,” என்றார். காய்ந்த தோலை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் தீயில் காட்டினார்.

ஆகவே எவரேனும் நந்தனார் சரித்திரத்தை அக்காலக் கருவிகளோடு முழுமையாக அரங்கேற்ற முன்வந்தால் நாம் சொல்ல விரும்புவன இவை. ஒலிபெருக்கியும் ஆர்மோனியமும் வேண்டாம். தம்புராவும் மிருதங்கமும் தாளமும் போதும். சேரிக் காட்சிகளில் பறை ஒலிக்க வேண்டும். அதை வாசிப்பவர் வித்துவான்களின் வரிசையிலேயே அமர வேண்டும். நிகழ்ச்சித் தாளில் பாடுவோர் பெயருக்கு மேலே தோல் மூட்டியவர் பெயர் அச்சாகட்டும். தீப்புகும் கட்டத்தை மங்கள இசையால் மூடிவிடாதீர். தம்புரா மட்டும் ஒலிக்க, மற்றவை நின்றுவிடட்டும். இரண்டு இரவுகள் பிடிக்கும் என்று மதிப்பிடுகிறோம். சனிக்கிழமைகளாக இருந்தால் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வர முடியும். லீவுச் சீட்டுக்கு நாம் பொறுப்பு.