முதனூலின் மௌனமும் வழிநூலின் ஊகமும்: 'பெயவுல்ஃப்' அசைவூட்டத் திரைப்படம் குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

பழைய ஆங்கிலத்தில் இயற்றப்பட்ட 'பெயவுல்ஃப்' 3182 அடிகளைக் கொண்ட காப்பியமாகும். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட ஒரேயொரு கையெழுத்துப்படியின் வழியாகவே அது இன்று நமக்குக் கிடைக்கின்றது. 1731இல் இலண்டனில் நேர்ந்த தீவிபத்தில் அப்படியின் விளிம்புகள் கருகின. இக்காப்பியத்தைத் தழுவி ராபர்ட் செமெக்கிஸ் இயக்கிய அசைவூட்டத் திரைப்படம் 2007ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயிற்று. திரைக்கதையை நீல் கெய்மனும் ரோஜர் ஏவரியும் எழுதினர்.

தமிழாய்வுக்கு இக்களம் முற்றிலும் புதியதன்று. 1968இல் வெளியான க. கைலாசபதியின் ஆங்கில நூல் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிய, வெல்சிய வீரப்பாடல்களோடு ஒப்புநோக்கியது. அவ்வொப்பியல் மரபு தந்த சொற்கள் சிலவற்றைத் துணையாகக் கொண்டு, இத்திரைப்படம் காப்பியத்திலிருந்து எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

2. அளவுகோல்

தழுவல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மாற்றங்களைப் பட்டியலிடுவதோடு அமைந்துவிடுகின்றனர். தமிழிலக்கண மரபு இதனினும் நுண்ணிய அளவுகோலைத் தருகின்றது. தொல்காப்பிய மரபியல் வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல் முதலிய வகைகளைக் கூறும். பின்னோன் விரும்பும் வேறுபாடுகளுக்கு நன்னூலும் இடமளிக்கின்றது. ஆகவே மாற்றம் குற்றமாகாது. அது எதற்குப் பணிசெய்கின்றது என்பதே வினா. வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகின்றான். கம்பனின் இராவணனோ பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கின்றான். அம்மாற்றம் கம்பனின் காப்பியம் முழுவதிலும் ஓடும் அறநோக்கிலிருந்து பிறந்தது. அதே வினாவை இத்திரைப்படத்திடமும் எழுப்பலாம்.

3. இடைவெளியும் ஊகமும்

காப்பியத்தின் கதை மூன்று போர்களால் ஆனது. டென்மார்க்கு அரசன் ரோத்காரின் மண்டபத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் அலைக்கழித்த கிரெண்டல் என்னும் அரக்கனைக் கீட் இனத்து இளவீரன் பெயவுல்ஃப் வெறுங்கையால் வெல்கின்றான். மகனுக்காகப் பழிவாங்க வந்த தாயை அவள் வாழும் நீர்நிலையின் அடியில் கொல்கின்றான். பின்னர்த் தன் நாடு திரும்பி, காலப்போக்கில் அரசனாகி, ஐம்பது ஆண்டுகள் ஆண்டபின் ஒரு பறவைநாகத்தோடு பொருது மடிகின்றான்.

முதலிரு போர்களுக்கும் மூன்றாவதற்கும் காரணத் தொடர்பு எதனையும் காப்பியம் கூறவில்லை. இதனைக் குறையென எண்ணிய அறிஞர்கள் இருந்தனர். 1936இல் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவில் டோல்கீன் இதற்கு விடையிறுத்தார்: இளமையும் முதுமையும், எழுச்சியும் வீழ்ச்சியும் எதிரெதிராய் நிறுத்தப்பட்டிருத்தலே இக்காப்பியத்தின் கட்டமைப்பு என்றார்.

திரைக்கதையாசிரியர்கள் வேறு வழியை நாடினர். நீரடிப் போருக்குச் சான்று கூற எவருமில்லை. பெயவுல்ஃப் மீண்டு வருகையில் கொணர்வது தாயின் தலையன்று, கிரெண்டலின் தலை. இவ்விடத்திலேயே திரைக்கதையின் ஊகம் வேர்கொள்கின்றது. திரைப்படத்தில் அவன் தாயைக் கொல்லவில்லை, அவள் அழகுக்கும் அவள் தருவதாகக் கூறும் ஆட்சிக்கும் இணங்குகின்றான், மீண்டுவந்து பொய்யுரைக்கின்றான். கிரெண்டல் ரோத்காரின் மகன். பறவைநாகம் பெயவுல்ஃபின் மகன். தன் நாட்டுக்குத் திரும்பாமல் அவன் டென்மார்க்கையே ஆள்கின்றான். இவ்வாறு மூன்று போர்களும் ஒரே பாவத்தின் விளைவுகளாகக் கோக்கப்படுகின்றன.

இது கூர்மையான வாசிப்பு என்பதில் ஐயமில்லை. மூலத்தின் மௌனத்தைக் கண்டு அதனுள் நுழையும் துணிவு இதற்கு உண்டு. தன் வெற்றியைக் கூத்தாக நடித்துக் காட்டுவோரை முதிய அரசன் கசப்போடு நோக்கும் காட்சி, புகழ்ப்பாட்டுக்கும் உண்மைக்கும் இடையிலான தொலைவைக் கூர்மையாக உணர்த்துகின்றது. இறுதியில் அவன் உண்மையைக் கூற முயல்கையில் விக்லாஃப் கேட்க மறுப்பதும் அவ்வாறே.

4. நெடுமொழியும் பொய்யும்

எனினும் இவ்வூகத்துக்குத் தரப்பட்ட விலை பெரிது. வீரயுகப் பாடலில் தற்புகழ்ச்சி வெறும் ஆரவாரமன்று. புறப்பொருள் இலக்கணம் நெடுமொழி எனவும் வஞ்சினம் எனவும் வகுத்தவற்றுக்கு இணையானது அது: அவையறியச் சொன்னதைச் செய்துமுடித்தல் அல்லது மடிதல் என்னும் பிணைப்பு. காப்பியத்தில் அன்ஃபெர்த் பழைய நீச்சற் போட்டி ஒன்றைச் சுட்டி இகழும்போது, பெயவுல்ஃப் சொல்லால் விடையளித்து, அன்றிரவே செயலால் அச்சொல்லை மெய்ப்பிக்கின்றான். திரைப்படத்திலோ நீச்சற் கதையிலேயே பொய் கலந்துவிடுகின்றது. அவன் வாய்ச்சொல் தொடக்கம் முதலே நம்பத்தகாதது.

காப்பியத்தின் பெயவுல்ஃப் இறக்கும் தறுவாயில் தன் வாழ்வை எண்ணிப் பார்க்கின்றான். பொய்ச்சூள் உரைத்ததில்லை, உறவினரைக் கொன்ற பழி தன்மீதில்லை என்பவையே அவனுடைய ஆறுதல். திரைப்படம் அவனைப் பொய்யுரைத்தவனாகவும் தன் மகனைக் கொல்பவனாகவும் ஆக்குகின்றது. எவ்விரண்டை அவன் தன் தூய்மைக்குச் சான்றாகக் கொண்டானோ, அவ்விரண்டுமே தலைகீழாக்கப்பட்டுள்ளன.

பறவைநாகத்தின் தீ தன் மண்டபத்தை எரித்தபோது, பழைய நெறியை மீறி இறைவனைச் சினப்படுத்திவிட்டேனோ என்று காப்பியத்தின் மூத்த அரசனும் வருந்துகின்றான். அவ்வையத்தைக் காப்பியம் உறுதி செய்யவில்லை. ஒருவனின் விருப்பத்தால் பலர் துன்புற நேர்ந்தது என்று விக்லாஃப் பின்னர்க் கூறுவதனால், அரசனின் முடிவு விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாகவும் இல்லை. ஆயினும் அழிவுக்கு ஒரு பாவத்தைக் காரணமாகக் காட்டுதல் அதன் நோக்கமன்று. நல்லரசனும் முதுமையடைவான், அவனுக்குப் பின் பகைவர் படையெடுப்பர், ஈமத்தீயருகே ஒரு பெண் வரப்போகும் துயரங்களை எண்ணிப் புலம்புவாள். தொல்காப்பியம் நிலையாமையைப் பொருளாக்கிய காஞ்சித்திணையின் உலகம் இது. திரைப்படம் இந்நிலையாமையைத் தண்டனையாக மாற்றிவிடுகின்றது. தவறு செய்தவன் வீழ்ந்தான் என்பதில் நீதி உண்டு. தவறாதவனும் வீழ்வான் என்பதில்தான் காப்பியத்தின் துயரம் உண்டு.

5. தாயின் துயர்

கிரெண்டலின் தாயைப் படைத்த முறையில் இழப்பு இன்னும் தெளிவாகின்றது. காப்பியத்தில் அவள் அச்சுறுத்துபவள். ஆயினும் மகனை இழந்தவள். ரோத்காரின் அன்புக்குரிய அறிவுரையாளன் ஒருவனை மட்டும் கொண்டுசென்று பழிதீர்க்கின்றாள். உயிருக்கு உயிர் என்னும் அக்காலப் பழிமுறையை அவளும் அறிந்தவளாகின்றாள். மகனையும் உடன்பிறந்தானையும் ஒரே தீயில் இட நேர்ந்த ஹில்டெபுர் என்னும் அரசியின் கதையை, தாய் வருவதற்குச் சற்று முன்னரே அவைப்பாணன் பாடுகின்றான். அதனால் அரக்கியின் துயரும் மனிதத் துயரோடு ஒப்புவைக்கப்படுகின்றது. ஏஞ்சலினா ஜோலியின் உருவம் தாங்கிய திரைத்தாயும் மகனுக்காக அழுகின்றாள். ஆயின் பொன்னிற உடலின் கவர்ச்சி அக்குரலை விரைவில் மூடிவிடுகின்றது. ஆடவரின் வீழ்ச்சிக்கு மாயப்பெண்ணே காரணம் என்னும் பழகிய கதையாக அது சுருங்குகின்றது.

6. ஊடகம்

நடிகர்களின் உடலசைவையும் முகபாவத்தையும் கணினியில் பதிந்து உருவங்களை அமைக்கும் முறையில் இப்படம் உருவாயிற்று. முதுமை இக்கதையின் உயிர்ப்பகுதி. ஒரே நடிகரான ரே வின்ஸ்டனை இளைஞனாகவும் முதியவனாகவும் காட்ட இம்முறை இடமளித்தது. கிரெண்டலின் சிதைந்த உடலும், மண்டபத்து மகிழொலி அவன் செவியில் வேதனையாக மோதுவதும் இப்படத்தின் சிறந்த பகுதிகள். அவ்வொலி அவனைத் துன்புறுத்துவதற்குக் காப்பியத்திலேயே வித்து உண்டு.

இம்முறையின் எல்லைகளும் புலப்படாமலில்லை. மனிதப் பாத்திரங்களின் கண்களில் உயிர்ப்புக் குன்றியிருப்பது உணர்ச்சிமிக்க காட்சிகளை வலுவிழக்கச் செய்கின்றது. மேலும், கிரெண்டலுக்குப் படைக்கலப் பயிற்சி இல்லாமையால் தானும் படைக்கலமும் கவசமும் துறப்பது காப்பியத்தில் போரறம். திரைப்படத்தில் ஆடையும் களையப்பட்டு, முன்னே வந்து மறைக்கும் பொருள்களின் விளையாட்டாக அக்காட்சி முடிகின்றது. அறமாயிருந்தது நகைப்பாயிற்று.

7. முடிவுரை

இத்திரைப்படத்தை மூலத்துக்கு இழைத்த துரோகம் என ஒதுக்குதல் பொருந்தாது. அது காப்பியத்தைக் கூர்ந்து படித்தவர்களின் ஆக்கம். மௌனம் இருந்த இடங்களை அவர்கள் சரியாகவே கண்டனர். ஆயின் எல்லா மௌனத்தையும் மறைக்கப்பட்ட பொய்யாகக் கொண்டதே அவர்களின் பிழை. சில மௌனங்கள் காரணம் கூற இயலாத இழப்பின் முன் கவிஞன் காக்கும் அடக்கம். கம்பனின் மாற்றம் தன் காப்பியத்தின் அறத்தை ஆழப்படுத்தியது. இங்கு நிகழ்ந்த மாற்றம் கதையை இறுக்கமாக்கி, துயரத்தை எளிதாக்கிவிட்டது. பழங்காப்பியங்களைத் திரைக்குக் கொணர முனைவோர், மூலம் எங்கே பேசாதிருக்கின்றது என்பதோடு, ஏன் பேசாதிருக்கின்றது என்பதையும் வினவவேண்டும். முதல் வினாவுக்கு இப்படம் நல்ல மாணவன். இரண்டாவது வினாவை அது எழுப்பவேயில்லை.